இலவச வீட்டை விட்டுவிட்டு ஷீட் வீட்டுக்கு ஏன் வாடகைக்கு வருகிறார்கள்?

கேள்வி, 2024 அக்டோபர் 5

ஒரு சந்தேகம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூவம் ஓரம், அடையாறு ஓரம் இருந்தவர்களுக்கு அரசாங்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கான்கிரீட் வீடு கொடுக்கிறது. எங்கள் ஆபீசில் வேலை செய்யும் அக்கா ஒருவருக்கும் கிடைத்தது. ஆறே மாதம். அதை விட்டுவிட்டு புதுப்பேட்டையில் ஒரு ஷீட் வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டார். நான் 11 வருடமாக ஈஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. சும்மா கிடைத்தால் அருமை தெரியாது என்பது இதுதானா, இல்லை எனக்குப் புரியாத ஏதாவது இருக்கிறதா?

2024 அக்டோபர் 6, இரவு 11.40

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை தம்பி. அந்த அக்கா செய்ததை எங்கள் வீட்டிலும் செய்தோம், அதனால் சொல்கிறேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்துக் குடிசை எங்களுடையது. 2017 நவம்பரில் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் நாலாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். எந்தக் குடியிருப்பு என்று சொல்ல மாட்டேன், காரணம் இருக்கிறது. வீடு மோசமில்லை. ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, சமையலறை, உள்ளேயே கக்கூஸ். பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் கக்கூஸ் பார்க்காத என் தங்கை முதல் நாள் அந்தக் கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தாள்.

எட்டு மாதத்தில் திரும்பி வந்தோம். கணக்கு இதுதான், 2018 விலையில்:

அங்கே: எனக்கும் அம்மாவுக்கும் பஸ், ஆளுக்கு ஒரு நாளைக்கு 70, மாதம் 26 நாள், ரெண்டு பேருக்கும் 3,640. அப்பா மீன் மார்க்கெட்டில் கூடை இறக்குபவர், விடிகாலை மூன்று மணிக்கு அங்கே நிற்க வேண்டும், அந்த நேரத்துக்கு எந்த பஸ்சும் இல்லை, அதனால் வாரம் முழுக்க மார்க்கெட் திண்ணையிலேயே படுத்து வெளியில் சாப்பிட்டார், அதில் கூடுதல் செலவு 1,560. அம்மா மூன்று வீட்டில் வேலை செய்தார், ஒரு வீட்டில் ஆறு மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும், அது போயிற்று, 1,800. மொத்தம் 7,000.

இங்கே: வாடகை 4,500, கரண்ட் 540, தண்ணீர் 260. மொத்தம் 5,300.

சும்மா கிடைத்த வீடு வாடகை வீட்டைவிட 1,700 ரூபாய் அதிகம். அவ்வளவுதான் தம்பி.

2024 அக்டோபர் 7, காலை

"அரசாங்க பஸ் அவ்வளவா ஆகும்?" என்று கேட்டவருக்கு: 2018 ஜனவரியில் கட்டணம் ஏற்றியது நினைவிருக்கிறதா? மூன்று ரூபாயாக இருந்த குறைந்தபட்ச டிக்கெட் ஐந்து ஆனது. நாங்கள் குடி போய் ரெண்டே மாதம். ரெண்டு பஸ் மாறணும், ஒன்று வராவிட்டால் ஷேர் ஆட்டோ. 70 என்பது நல்ல நாள் கணக்கு.

2024 அக்டோபர் 9

மேலே ஒரு அண்ணன் பிடித்துவிட்டார். அட்வான்சைக் கணக்கில் சேர்க்கவே இல்லையே என்று. உண்மைதான், விட்டுவிட்டேன்.

பத்து மாத அட்வான்ஸ், 45,000. அதில் 15,000 அம்மாவின் கம்மலை அடகு வைத்தது. மீதி 30,000 மூணு வட்டிக்கு. வட்டி மட்டும் மாதம் 900. அப்படியானால் இங்கே ஆகும் செலவு 6,200. வித்தியாசம் 1,700 இல்லை, 800. புரோக்கருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகையை இதில் எங்கே போடுவது என்று தெரியவில்லை, எங்கேயாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கம்மலை மீட்க மூன்று வருடம் ஆனது. அதுவரை அம்மா கல்யாண வீட்டுக்குப் போனால் அத்தையின் கம்மலை வாங்கிப் போட்டுக்கொள்வார். அத்தை அதை மூன்று வருடமும் எல்லோரிடமும் சொன்னார்.

2024 அக்டோபர் 9, பத்து நிமிடம் கழித்து

"இவ்வளவு அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சட்டம் இல்லையா?" என்று கேட்ட கனடா அக்காவுக்குத் தனியாக. ஆமாம், சட்டம் இருக்கிறது. 2017இல் போட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஊரே பத்து மாதம் வாங்குகிறது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வால்கூடத் தேவைப்படவில்லை. ஒப்பந்தமே கிடையாது. ஒரு நோட்டில் "அட்வான்ஸ் 45,000 பெற்றேன்" என்று எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. சட்டம் பேசினால் "உனக்கு வீடு இல்லைப்பா" என்பார்கள், அடுத்த ஆள் தெருமுனையில் புரோக்கரோடு நின்றுகொண்டிருப்பான்.

2024 அக்டோபர் 12

சரி, அந்த 4,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மாடி ஏறினால் மொட்டை மாடி, அதில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு மூன்று அறை. நடு அறை எங்களுக்கு. 10க்கு 10. தேசியக் கட்டட விதிகளில் ஒரே அறை உள்ள வீடு என்றால் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. பத்துக்குப் பத்து அடி என்றால் 9.3. விதி எழுதியவர் எங்கள் ஹவுஸ் ஓனரிடம் நூலிழையில் தோற்றுவிட்டார். சமையல் வாசலில், அதாவது பக்கத்து அறைக்காரர் நடக்கும் வழியில். கக்கூஸ் கீழே ஒன்று, மாடியில் ஒன்று, ஆறு குடித்தனத்துக்கு.

மே மாதம் அந்த ஷீட்டுக்குக் கீழே பகலில் யாரும் உட்கார முடியாது. அப்பா தூங்குவதே பகலில்தான். மார்க்கெட் முடித்து ஒன்பது மணிக்கு வருவார், குளிப்பார், ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு படுப்பார், பதினொன்றரைக்கு எழுந்து தலையணையை எடுத்துக்கொண்டு கீழே படிக்கட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். ஓனர் அம்மா அதற்கும் ஒருநாள் "போறவர்ற வழிங்க" என்றார். வெயில் போய் மழை வந்தால் ஓதம். தரையிலிருந்து சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஏறும். பீரோவுக்குப் பின்னால் தினத்தந்தியை மடித்து வைப்போம், வாரம் ஒருமுறை பிழியலாம் போல இருக்கும். டிரங்குப் பெட்டியில் இருந்த என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. நான் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தவன், ஊர் சர்டிபிகேட்டுக்கெல்லாம் லேமினேஷன் போட்டவன், என்னுடையதற்குப் போடத் தோன்றவில்லை.

கரண்ட்: இங்கேதான் வயிறு எரியும். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் இல்லையா? அது மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. எங்களுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். மாதம் 60 யூனிட் ஓட்டுவோம். ரெண்டு ட்யூப் லைட், ஒரு பேன், ஒரு டிவி, மிக்சி. தனி மீட்டர் இருந்திருந்தால் ரெண்டு மாதத்துக்கு 120 யூனிட், நூறு இலவசம், மீதி இருபதுக்குச் சில்லறை. நாங்கள் கட்டியது ரெண்டு மாதத்துக்கு 1,080. ஏழைக்கு என்று சொல்லிக் கொடுக்கும் மானியம் ஏழையின் தலைக்கு மேலேயே நின்றுவிடுகிறது, நாங்கள் அந்த மானியத்தின் கீழ்வீட்டுக்காரர்கள்.

(நாங்கள் மாடியில் இருந்தோம் என்று யாராவது திருத்த வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

2024 அக்டோபர் 15

மழை. அந்தப் பழைய ஷீட் வீட்டில் இப்போது இல்லை, இப்போது இருப்பது மூன்றாவது வாடகை வீடு, தரைத்தளம், தளம் போட்டது, 7,500. மிக்சி, கேஸ் அடுப்பு, அரிசி டின் எல்லாம் கட்டில் மேல் ஏற்றியாகிவிட்டது. டிவியில் வேளச்சேரி பாலத்தைக் காட்டுகிறார்கள், வெள்ளத்துக்குப் பயந்து காரெல்லாம் வரிசையாக மேலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அங்க நமக்கு ஒரு எடம் பிடிச்சிருக்கலாம்டா, அட்வான்ஸ் இல்ல" என்றார்.

2024 அக்டோபர் 20

கேள்வி கேட்ட தம்பி "அப்படியானால் சிட்டிக்குள்ளேயே கட்ட இடம் ஏது?" என்கிறார். கட்டியிருக்கிறார்கள் தம்பி. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது, அடுத்த வருடம் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயோ அதற்குப் பக்கத்திலேயோ மூன்று நாலு மாடி. இன்றைக்கும் மெரினா பக்கம், மயிலாப்பூர், சேத்துப்பட்டு என்று ஊருக்கு நடுவே பழைய போர்டு வீடுகள் நிற்பது அதனால்தான். ஊருக்கு வெளியே ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் வைப்பது 2000ஐ ஒட்டி கண்ணகி நகரோடு பெரிதானது, சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். 2021இல் வாரியத்தின் பெயரையும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியாகிவிட்டது. எங்கள் அம்மா இன்னும் "போர்டு" என்றுதான் சொல்வார்.

இன்னொரு வழியும் பார்த்தார்கள். 1977 முதல் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பக்கம் சின்னச் சின்ன மனையாகப் பிரித்து, தண்ணீர், சாக்கடை, ரோடு போட்டுக் கொடுத்து, வீட்டை நீயே மெல்ல மெல்லக் கட்டிக்கொள் என்று விட்டார்கள். என் நண்பனின் தாத்தா அப்படி வாங்கியவர். முதலில் ஓலை, அப்புறம் ஓடு, அப்புறம் தளம், இப்போது மூன்று மாடி, கீழே ரெண்டு போர்ஷன் வாடகைக்கு. பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறான், கேட்டால் சிரிக்கிறான்.

2024 அக்டோபர் 20, இரவு

பழைய போர்டு வீடுகளைப் பற்றி ரொம்ப நல்லவிதமாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. 2021 டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளம், 24 வீடுகள் இருந்த பிளாக் அப்படியே சரிந்தது. விரிசல் பார்த்து எல்லோரும் முன்பே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் சுவரைக் கையால் சுரண்டினால் பூச்சு உதிர்ந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். பழையது விழுகிறது, புதியது உதிர்கிறது. பக்கத்திலேயே கட்டு என்று கேட்பவன் ஒழுங்காகவும் கட்டு என்று சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 3

ஒருவர் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறார்: கூவம் ஓரத்தில் வெள்ளம் வரும், உயிருக்கு ஆபத்து, அதனால்தான் மாற்றுகிறார்கள், அதைக் குறை சொல்லலாமா என்று.

2015 டிசம்பரில் நாங்கள் கூவத்தில் இருந்தோம், இடுப்பளவு தண்ணீரில் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன், அதனால் ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களைக் கொண்டுபோய் வைத்த பக்கம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. 2015இலும் அங்கே தண்ணீர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர். வீடு மேல் மாடியில் இருந்தால் நனையாது, சரிதான். கரண்ட் போய், லிஃப்ட் நின்று, மோட்டார் ஓடாமல், நாலாவது மாடிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், வெள்ளம் எத்தனை மாடி வரை வரும் என்று சொல்வார்கள்.

2024 நவம்பர் 4

நேற்று எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். தங்கையைத் தோளில் தூக்கினேன் என்று எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டுப் போன் செய்தாள். அவளுக்கு அப்போது 15 வயது, அவளேதான் நடந்து வந்தாளாம், நான் தூக்கி வந்தது டிவியாம். யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை.

2024 நவம்பர் 10

தங்கை பேச்சு வந்ததால் இது. நாங்கள் காலி செய்தது நவம்பர், அவள் பன்னிரண்டாவது, மார்ச்சில் பரீட்சை. லாரி வந்து நின்றபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், பரீட்சை முடியட்டும் சார், நாலு மாசம். வந்திருந்தவர் கெட்டவர் இல்லை, பட்டியலைக் காட்டி "என் கையில இல்லம்மா" என்றார். டோக்கன், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், போட்டோ, சாமான் ஏற்று. சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு இல்லை.

அவள் அத்தை வீட்டில் தங்கித்தான் பரீட்சை எழுதினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவாள், ஞாயிறு போவாள். அப்பா மார்க்கெட் திண்ணையில், தங்கை அத்தை வீட்டில், நானும் அம்மாவும் நாளுக்கு அஞ்சு மணி நேரம் பஸ்சில். நாலு பேருக்குக் கொடுத்த வீட்டில் ராத்திரி ரெண்டு பேர் தூங்கினோம். அந்த 10க்கு 10 ஷீட் அறைக்கு வந்த முதல் நாள் நாலு பேரும் வரிசையாகப் படுத்தோம், திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் எல்லோரும் சேர்ந்து திரும்ப வேண்டும், அம்மா சும்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, அன்றைக்கு 1,700ஓ 800ஓ யாரும் கணக்குப் போடவே இல்லை. கணக்கெல்லாம் நான் பின்னால் போட்டது.

2024 நவம்பர் 11

"என்ன ஆளுங்க?" என்று கேட்டு வீடு மறுப்பதை நான் எழுதவில்லையே என்று ஒருவர். எழுதவில்லைதான். பதினெட்டு வீடு பார்த்தோம். நாலு வீட்டில் நேரடியாகக் கேட்டார்கள், ரெண்டு வீட்டில் "மீன் வேலையா?" என்று மூக்கைச் சுருக்கினார்கள், ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்துவிட்டு இப்போதைய முகவரி கேட்டார்கள், சொன்னதும் வீட்டுக்காரருக்குத் திடீரென்று ஊரிலிருந்து தம்பி வருவதாக ஆகிவிட்டது. போர்டு குடியிருப்பு முகவரியைச் சொன்னால் வேலையும் கிடைக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், பையன்கள் பயோடேட்டாவில் பெரியம்மா வீட்டு முகவரி போடுவார்கள். கண்ணகி நகர் சுவரில் பெரிய பெரிய ஓவியம் வரைந்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது, போட்டோ எடுக்க வருகிறார்கள். முகவரியைச் சொன்னால் முகம் மாறுவது மட்டும் மாறவில்லை. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

2024 நவம்பர் 30

புயல் கரையைக் கடக்கிறது, கடை இல்லை, கரண்ட் இருக்கிறது. ஒரு விஷயம் சொல்லாமலே ரெண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அதைச் சொல்லிவிடலாம்.

முதல் நாள் "எந்தக் குடியிருப்பு என்று சொல்ல மாட்டேன், காரணம் இருக்கிறது" என்றேன் அல்லவா. நாங்கள் அந்த வீட்டைப் பூட்டிவைக்கவில்லை, வாடகைக்கு விட்டோம். விடக் கூடாது, தெரியும். ஒதுக்கீடு அப்பா பெயரில், கண்டுபிடித்தால் ரத்து செய்யலாம். 2018இல் 2,500 வந்தது, இப்போது 4,000. அதையும் சேர்த்தால் என் கணக்கு மறுபடி மாறுகிறது: இங்கே ஆன செலவு 6,200இல் 2,500 கழித்தால் 3,700. வித்தியாசம் 800 இல்லை, 3,300.

அட்வான்ஸ் வாங்கினோமா? வாங்கினோம். 20,000. வட்டிக்காரரிடம் கொடுத்துப் பாதிக்கு மேல் கடனை அடைத்தது அந்தப் பணத்தில்தான். பத்து மாத அட்வான்சைப் பற்றி மேலே நான் எழுதியதையெல்லாம் இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 1

எதிர்பார்த்த மாதிரியே திட்டு விழுந்திருக்கிறது. "உனக்கு ரெண்டு வீடு, எனக்கு ஈஎம்ஐ" என்று தம்பியும் கொஞ்சம் சூடாகிவிட்டார். நியாயம். ஒன்று மட்டும்: ரெண்டு வீடு இருந்தும் நான் வாடகைக்காரன், என்னிடம் வாடகைக்கு இருப்பவரும் போர்டுக்குத் தெரியாதவர். விற்பனைப் பத்திரம் கைக்கு வராத வரை அது எங்கள் வீடும் இல்லை. பயந்துகொண்டே வாங்கும் வாடகை. ஒவ்வொரு முறையும் "ஆய்வு வருது" என்று புரளி கிளம்பும்போது அம்மா இங்கிருந்து பாத்திரம் பண்டத்தோடு ஓடுவார், குடியிருப்பவர்கள் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள், சுவரில் எங்கள் குடும்பப் போட்டோ ஏறும். ஆய்வு வராது. போட்டோ இறங்கும்.

2024 டிசம்பர் 8

கணக்கில் இன்னொரு ஓட்டை. 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண பஸ்சில் டிக்கெட் இல்லை. அம்மாவின் 1,820 அங்கேயே போச்சு. அங்கே இருந்திருந்தால் 7,000இல் அது குறைந்து 5,180 ஆகியிருக்கும், இங்கே அந்த வருடம் வாடகையே 5,500 ஆகிவிட்டது. அதாவது அந்த வீட்டிலிருந்து வரும் வாடகையை விட்டுவிட்டு, 2021க்குப் பிறகு வெறும் ரூபாயில் பார்த்தால் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. டிக்கெட்தான் இலவசம், காலை நாலரைக்கு எழுந்து பஸ் ஸ்டாப்பில் நிற்பது இலவசமில்லை. மார்க்கெட்டும் மூன்று மணியை மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மா வேலை செய்யும் மூன்று வீட்டுக்கும் நடந்தே போகிறார். நடுவில் மதியம் வந்து அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டுப் போகிறார். இதற்கு எந்தப் பக்கத்தில் எத்தனை ரூபாய் போடுவது என்று யாராவது சொன்னால் போட்டுக்கொள்கிறேன்.

2025 ஜனவரி 5

முதல் ஓனர் அம்மா அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்த கதை கேட்டிருந்தீர்கள். 45,000இல் பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, தண்ணீர் மோட்டார் ரிப்பேரில் பங்கு, சுவரில் ஆணி அடித்ததற்கு 300, மீதியை மூன்று தவணையில். பெயின்ட் இன்றுவரை அடிக்கவில்லை, அந்த வழியாகப் போகும்போது பார்ப்பேன். ஆணிக்கு 300 என்பதை மட்டும் மறக்க முடியவில்லை, காலண்டர் மாட்டிய ஆணி, அந்த ஆணி நாங்கள் வரும் முன்பே அங்கே இருந்தது.

2025 ஜனவரி 19, ஞாயிறு

இன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய் வந்தோம், நானும் அப்பாவும்.

அப்பாவுக்கு 63. முழங்கால் போய்விட்டது, தீபாவளிக்குப் பிறகு மார்க்கெட்டுக்குப் போகவில்லை. மூன்று மணிக் காரணம் தீர்ந்துவிட்டது. தங்கை கல்யாணமாகித் தாம்பரத்தில் இருக்கிறாள். என் சம்பளத்தில் 7,500 வாடகை இனி கஷ்டம், ஓனர் மார்ச்சில் 8,500 என்கிறார். வீட்டுக்குத் திரும்பிவிடலாம், அம்மா அங்கேயே ஓ.எம்.ஆரில் ஏதாவது அபார்ட்மென்டில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லத்தான் போனோம்.

போகும்போது லிஃப்ட் ஓடியது. அந்த அக்கா திருவண்ணாமலைப் பக்கம், வீட்டுக்காரர் இல்லை, சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். கம்பெனி வேன் குடியிருப்பு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறதாம், பத்து நிமிடம். எங்களுக்கு ஊர்க்கோடியாக இருந்தது அவருக்கு வேலைக்குப் பக்கம். வீட்டை எங்களைவிட நன்றாக வைத்திருக்கிறார், கக்கூஸ் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். டீ போட்டுக் கொடுத்தார். பையன் ஹாலில் தரையில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான், பத்தாவது.

அப்பா அவனிடம் பரீட்சை எப்போது என்று கேட்டார். ஏப்ரல் பாதி வரைக்கும் தாத்தா என்றான்.

நான் தொண்டையைச் செருமினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, அந்த அக்காவிடம் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, மேல் வீட்டு பாத்ரூம் இன்னும் ஒழுகுகிறதா என்று ஓனர் கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு எழுந்தார். இறங்கும்போது லிஃப்ட் நின்றிருந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, ரெண்டாவது மாடி திருப்பத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"ஏப்ரல் மே வெயில்ல சாமான் ஏத்துறது கஷ்டம்டா. ஜூன்ல சொல்லிக்கலாம்."

சரி என்றேன். மார்ச்சுக்கு அந்த ஆயிரத்தை எங்கே புரட்டுவது என்று பார்க்க வேண்டும்.